டிராக் சா

டிராக் சா என்பது அலுமினியத் தடத்தின் மீது நகர்த்தி, பலகைகளை நேர்கோட்டில் அறுக்கும் கையடக்க மின்வட்ட ரம்பம். 'பிளஞ்ச் சா' என்றும் வழங்கும்.

வகைகள்: மின்கம்பியில் இயங்குபவை, பேட்டரியில் இயங்குபவை என இரண்டு.

அமைப்பு: தடத்தின் அடியிலுள்ள பிடிப்புப் பட்டை, பலகை மீது தடம் நழுவாமல் காக்கிறது. விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை முதல் ஓட்டத்தில் ரம்பத்தாலேயே சரியாக வெட்டப்படுகிறது. பின்னர் அதுவே வெட்டுக்கோட்டைக் காட்டுவதுடன், மேற்பரப்பில் சிம்பு பெயர்வதையும் குறைக்கிறது. அலகு உறைக்குள் மறைந்திருந்து, அழுத்தும்போது மட்டுமே கீழிறங்கும். எனவே பலகையின் நடுப்பகுதியிலும் வெட்டைத் தொடங்கலாம்.

வரலாறு: வழிகாட்டித் தடத்துடன் கூடிய ரம்பத்தை 1960களில் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதன் கருவிப்பிரிவே இன்றைய ஃபெஸ்டூல்.

ஒப்பீடு: ஃபெஸ்டூல் டிஎஸ் 55 வரிசை 160 மி.மீ. அலகும் 55 மி.மீ. வெட்டு ஆழமும் கொண்டது. வெட்டுவாய் இறுகாமல் தடுக்கும் பிளவுத்தகடும் இதில் உண்டு. மகிதா எஸ்பி6000 வகையின் அலகு 165 மி.மீ., ஆழம் 56 மி.மீ.; இதில் பிளவுத்தகடு இல்லை. சாய்வு வெட்டில் கருவி கவிழாதிருக்க, தடத்தைப் பற்றும் நெம்புகோல் மகிதாவில் உண்டு. தடிமனான மரங்களுக்கு 210 மி.மீ. அலகுள்ள ஃபெஸ்டூல் டிஎஸ் 75 பயன்படுகிறது. ஃபெஸ்டூல், மகிதா தடங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

பயன்பாடு: மேசை ரம்பத்தில் தள்ளிக் கையாளக் கடினமான முழு பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை அறுப்பதிலும், கதவுகளின் அடியைக் குறைப்பதிலும் இது முதன்மையாகப் பயன்படுகிறது.