கமாவுக்கு முன்னால யாரு, பின்னால யாரு?

இந்த எபிசோட்ல ஒரு கமாவோட வரலாறு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு புரோகிராம் ஏன் கிராஷ் ஆகுதுன்னு பார்க்கச் சொன்னாங்க. சோர்ஸ் கோட் கையில இல்லை. ஜிடிபி டீபக்கர்ல திறந்தா வரிசையா அசெம்பிளி. காலேஜ்ல படிச்ச மாதிரியே வாசிச்சேன்: ‘மூவ்’னு இருந்தா, கமாவுக்குப் பின்னால இருக்கிறது முன்னால இருக்கிறதுக்குள்ள போகும். ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, ஒவ்வொரு வரியையும் நான் தலைகீழா வாசிச்சிருக்கேன்.

எதை எடுக்கணும், எங்கே வைக்கணும்னு கட்டளைக்குப் பின்னால வர்ற பகுதிகளுக்கு ஆபரண்ட்னு பேர். அதை எப்படி எழுதலாம்ங்கிறதுக்கு ஒரு இலக்கணம் உண்டு. அசெம்பிளரோட பார்சர் அதை வெச்சுத்தான் வரியைப் பிரிக்கும். சிப்புக்கு இந்த இலக்கணமே தெரியாது, அதுக்குப் போறது வெறும் பிட்டுகள். அதனால, எது முதல்லங்கிறது முழுக்க மனுஷங்க எடுத்த முடிவு.

1970-ல டெக் நிறுவனம் பிடிபி-11 மெஷினைக் கொண்டுவந்தது. அதுல ‘இதை எடுத்து, அங்கே வை’ங்கிற வரிசை. யூனிக்ஸ் வளர்ந்தது இந்த மெஷின்லதான். 1978-ல இன்டெல் 8086 வந்தப்போ அவங்க நேர் எதிரா வெச்சாங்க. சேருமிடம் முதல்ல, கணக்குல ‘எக்ஸ் = 5’னு எழுதுற மாதிரி. பின்னாடி யூனிக்ஸ் இன்டெல் சிப்புக்கு வந்தப்போ, ஏடி&டி ஆட்கள் பழைய வரிசையை அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. குனு அசெம்பிளரும் அதையே எடுத்துக்கிச்சு. ஒரே சிப், ரெண்டு இலக்கணம்!

ஏடி&டி பாணியில ரெஜிஸ்டருக்கு முன்னால சதவீதக் குறி, எண்ணுக்கு முன்னால டாலர் குறி. பார்க்கவே அசிங்கமா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. சி மொழியில யாராவது ஒரு வேரியபிளுக்கு ‘ஈஏஎக்ஸ்’னு பேர் வெச்சா? அது ரெஜிஸ்டரா, வேரியபிளான்னு இன்டெல் பாணி பார்சர் குழம்பும். சதவீதக் குறி இருந்தா முதல் எழுத்துலயே முடிவு தெரிஞ்சிடும்.

இன்டெல் பக்கமும் ஒரு தலைவலி இருந்தது. மைக்ரோசாஃப்ட்டோட மாசம் அசெம்பிளர்ல வெறும் பேரை எழுதினா, அது மதிப்பா, நினைவகத்துல இருக்கிற சரக்கான்னு வரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பேரை எங்கே, எப்படி அறிவிச்சாங்கன்னு தேடிப் போகணும். 1996-ல வந்த நாஸம் இதை நறுக்குன்னு முடிச்சது: சதுர அடைப்புக்குறி போட்டா நினைவகம், போடலைன்னா முகவரி. என்னைக் கேட்டா, இந்தக் கதையிலேயே ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான்.

இப்போ என் ஃபேவரைட் பகுதி. தசம எண்களைக் கழிக்கிற ‘எஃப்சப்’ கட்டளையில ஏடி&டி வழி வந்த அசெம்பிளர்கள் ஒரு தப்பு பண்ணிச்சு. சில வடிவங்கள்ல கழித்தல் திரும்பிப் போயிடும். ரெஜிஸ்டர் அடுக்கோட மேல 4 இருக்கு, மூணாவது இடத்துல 10 இருக்கு. மேல இருக்கிறதை மூணாவதுல இருந்து கழின்னு எழுதினா 6 வரணும். வர்றது மைனஸ் 6!

அப்போ திருத்திடலாமே? அங்கேதான் சிக்கல். ஜிசிசி கம்பைலரும் இந்தத் தப்புக்கு ஏத்த மாதிரியே கட்டளையை மாத்தி எழுதப் பழகிடுச்சு. ரெண்டு தப்பும் சேர்ந்து விடை சரியா வருது. அசெம்பிளரை மட்டும் திருத்தினா, நல்லா ஓடிட்டிருந்த கோட் எல்லாம் தப்பா கணக்குப் போடும். அதனால தெரிஞ்சே விட்டுட்டாங்க. குனு அசெம்பிளர் கையேட்டுலயே பிழைன்னு ஒத்துக்கிட்டு எழுதி வெச்சிருக்காங்க. மாட்டுறது, இதைக் கையால எழுதுற ஆள் மட்டும்தான்.

நான் இப்போ புது லேப்டாப் வாங்கினா, ஜிடிபி செட்டிங்ஸ்ல போடுற முதல் வரி, இன்டெல் பாணிக்கு மாத்துறதுதான்.