ஊசியா, ஒளியா?

ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகளை நடத்தி முடித்த ஒரு நாள். மணி அடித்து மாணவர்கள் எல்லாரும் வெளியேறிய பின், முதலாமாண்டு மாணவி ஒருத்தி மட்டும் மேசையருகே தயங்கி நின்றாள். கைக்குட்டையால் தாடையை மறைத்தபடி, "மேடம், முகத்தில் வளரும் முடியை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கலாம் என்கிறார்கள். லேசர் போட்டால் நிரந்தரமாகப் போய்விடும் என்றும் விளம்பரம் வருகிறது. இரண்டில் எது நல்லது?" என்று கேட்டாள்.

இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அன்று. மேலுதட்டிலும் தாடையிலும் முடி தடித்து வளரும் பெண்கள், கேலிக்கு அஞ்சிக் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்து காலம் தள்ளுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். அத்துடன் இது இயற்பியல் சார்ந்த கேள்வியும் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக மின்சாரம், எக்ஸ் கதிர், லேசர் ஆகிய மூன்றையும் மனிதன் இந்தச் சிறு முடியின்மீது ஏவிப் பார்த்திருக்கிறான். அந்த வரலாற்றை அறிந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தானே விளங்கும்.

எதை அழிக்க வேண்டும்?

நம் கண்ணுக்குத் தெரியும் முடி, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்குள் மறைந்திருக்கும் மயிர்க்கால். அதன் அடியில் குமிழ் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. இரத்தக் குழாய்கள் அங்கேதான் உணவைக் கொண்டு சேர்க்கின்றன. அதற்குச் சற்று மேலே, புதிய முடியைத் தோற்றுவிக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. சவரக்கத்தி இழையை மட்டுமே வெட்டுகிறது. பிடுங்கினால் இழை வேரோடு வருவதுபோல் தோன்றினாலும் மூல உயிரணுக்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகவே முடி மீண்டும் முளைக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, ஒடுக்கம், ஓய்வு என்று மாறி மாறிச் சுழல்கிறது. எல்லா மயிர்க்கால்களும் ஒரே சமயத்தில் வளர்ச்சிப் பருவத்தில் இருப்பதில்லை. எந்தக் கருவியானாலும் ஒரே நாளில் வேலை முடியாததற்கு இதுவே காரணம்.

கண் மருத்துவரின் ஊசி

கதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்குகிறது. அங்கே சார்லஸ் மிஷல் என்ற கண் மருத்துவர் இருந்தார். இமைமுடி உட்புறமாக வளைந்து வளர்ந்து கருவிழியை உராயும் நோய் ஒன்று உண்டு. பிடுங்கப் பிடுங்க முடி முளைக்கும், கண் புண்ணாகும். மிஷல் ஒரு மெல்லிய ஊசியை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்தார். அதை மயிர்க்காலுக்குள் செலுத்தி, சிறிது நேரம் மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். அந்த இடத்தில் முடி மீண்டும் வளரவில்லை. 1875ஆம் ஆண்டில் இம்முறையை அவர் வெளியிட்டார். பார்வையைக் காக்கப் பிறந்த முறை, அதே நகரின் தோல் மருத்துவர் ஹார்டவே போன்றோர் வழியாக விரைவிலேயே முகத்து முடிக்கும் பயன்படலாயிற்று.

ஊசி முனையில் என்ன நடக்கிறது? நம் திசுக்களில் உப்பு நீர் இருக்கிறது. எதிர்மின்வாயில் நீர் பகுபட்டு ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனியும் உண்டாகின்றன. ஹைட்ராக்சைடு சோடியம் அயனியுடன் கூடி எரிசோடாக் கரைசல் ஆகிறது. மயிர்க்காலைக் கரைத்து அழிப்பது அந்த எரிசோடாவே. மின்சாரம் அங்கே சுடுவதில்லை. ஒரு வேதிப்பொருளை உற்பத்தி செய்து தருகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு எரிசோடா? வகுப்பில் செய்யும் கணக்கையே இங்கும் செய்து பார்ப்போம். மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியர், நேரம் 60 வினாடி என்று கொள்வோம். பாயும் மின்னூட்டம் 0.03 கூலும். 96,500 கூலும் பாய்ந்தால் 40 கிராம் எரிசோடா உண்டாகும். ஆகவே 0.03 கூலுமுக்கு ஏறத்தாழ 12 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் 12 பங்குதான்! ஒரு மயிர்க்காலை அழிக்க அவ்வளவு சிறிய அளவே போதும். மின்முனைகளை மாற்றி இணைத்துவிட்டாலோ ஆபத்து. நேர்மின்வாயான எஃகு ஊசியிலிருந்து இரும்பு கரைந்து, தோலில் பச்சை குத்தியதுபோல் அழியாத கறை படியும்.

இம்முறையின் குறை காலம். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியே ஊசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். 1916ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பால் கிரீ பல ஊசிகளை ஒரே சமயத்தில் செருகும் வழியைக் கொண்டுவந்தார். 1920களில் பிரான்சின் லியோன் நகரில் ஆன்றி போர்டியே வேறு வழியில் சென்றார். உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்தை ஊசிவழிச் செலுத்தி, வேதிவினைக்குப் பதில் வெப்பத்தால் மயிர்க்காலைப் பொசுக்கினார். ஒரு முடிக்குச் சில வினாடிகளே ஆயின. ஆனால் வளைந்த மயிர்க்கால்களில் வெப்பம் முழுதும் எட்டாமல் போவதுண்டு. பின்னர் ஆன்றி சென்ட் பியர், ஆர்தர் ஹிங்கல் என்னும் இருவர் இவ்விரு மின்னோட்டங்களையும் ஒரே ஊசியில் இணைத்தனர். இந்தக் கலப்பு முறைக்கு 1948ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. இந்த மூன்று முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன.

வலியில்லாத கதிர் கேட்ட விலை

ஊசியின் வலிக்கும் தாமதத்துக்கும் மாற்று உண்டா என்று உலகம் தேடிக்கொண்டிருந்தது. 1895ஆம் ஆண்டின் இறுதியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் டேனியல், தம்முடன் பணியாற்றிய டட்லி என்பவரின் தலையை எக்ஸ் கதிரால் படமெடுக்க முயன்றார். மூன்று வாரங்களில், கதிர் பட்ட இடத்து முடி உதிர்ந்து வழுக்கை விழுந்தது! அதே 1896இல் வியன்னாவின் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட், முதுகில் முடியடர்ந்த மச்சத்தோடு பிறந்த ஒரு சிறுமிக்கு எக்ஸ் கதிர் சிகிச்சை அளித்தார். முடி உதிர்ந்தது. ஆனால் பின்னர் புண் தோன்றியது. அதன் வடு அவளை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

அந்த எச்சரிக்கை போதவில்லை. 1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கைசர் 'டிரைக்கோ' என்ற எக்ஸ் கதிர்க் கருவியை அழகு நிலையங்களுக்குக் கொண்டுவந்தார். வலியில்லை, ஊசியில்லை, பெட்டியின் முன் முகத்தைக் காட்டி அமர்ந்தால் போதும். பெண்கள் நம்பிச் சென்றனர். முடியும் உதிர்ந்தது. ஆண்டுகள் சில கழிந்தபின் தோல் சுருங்கியது. திட்டுத் திட்டாக நிறம் மாறியது. ஆறாப் புண்களும் சிலருக்குப் புற்றுநோயும் தோன்றின. முடியை நீக்க எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவது ஆபத்தானது என்பதையே தலைப்பாக்கி, சிப்பொலாரோ, ஐன்ஹார்ன் என்னும் மருத்துவர்கள் 1947இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசியுங்கள். கருவி வேலை செய்யவில்லை என்று யாரும் குறை கூறவில்லை. அது வேலை செய்தது. அது வேறு என்னென்ன செய்கிறது என்று கேட்கத் தவறியதே பிழை.

கருமையைத் தேடும் ஒளி

1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், கலிஃபோர்னியாவில் தியோடோர் மைமன் முதல் லேசரை இயக்கினார். மாணிக்கப் படிகத்திலிருந்து 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பீறிட்டது. சில ஆண்டுகளுக்குள் சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் இவ்வொளியைத் தோலில் செலுத்தி ஆராய்ந்தார். நிறமி உள்ள பகுதிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன என்று கண்டார்.

லேசரும் எக்ஸ் கதிரைப் போன்றதுதானோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். சிவப்பு ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 1.8 எலெக்ட்ரான் வோல்ட். எக்ஸ் கதிர்த் துகளுக்கோ அது பல ஆயிரம். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலிமை சிவப்பு ஒளிக்கு இல்லை. அது செய்வது சூடாக்குவது மட்டுமே.

அந்தச் சூட்டை மயிர்க்காலில் மட்டும் எப்படி நிறுத்துவது? 1983ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு விடை தந்தனர். கறுப்புக் குடை வெள்ளைத் துணியைவிட அதிக ஒளியை விழுங்குவதுபோல, முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி ஒளியை விழுங்கிச் சூடாகும். இது முதற்படி. இரண்டாவது, நேரம். டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறிவிடும். அண்டா வெந்நீர் ஆற நேரமாகும். அதுபோல மெல்லிய மேல்தோல் சில மில்லிவினாடிகளில் ஆறிவிடும். பருமனான மயிர்க்கால் ஆறப் பல பத்து மில்லிவினாடிகள் ஆகும். இடைப்பட்ட கால அளவில் ஒளித்துடிப்பைச் செலுத்தி, தோலின் மேற்பரப்பையும் குளிர்வித்தால், மேல்தோல் தப்பும், மயிர்க்கால் வேகும்.

1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஒரு லேசர் முடிநீக்கிக்கு அனுமதி அளித்தது. அதில் கரித்தூள் கலவையைத் தோலில் தேய்த்து லேசர் பாய்ச்சினர். சில மாதங்களில் முடி திரும்பிவிட்டது. 1996இல் ஆண்டர்சன் குழுவினர் 13 பேரிடம் மாணிக்க லேசரைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 7 பேரை ஈராண்டுகளுக்குப் பின்னும் பரிசோதித்தனர். 4 பேரிடம் முடிக்குறைவு தெளிவாக நிலைத்திருந்தது. ஆனால் அங்கேயும் மயிர்க்கால்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. பூனைமுடி முளைக்கும் அளவுக்கு மெலிந்திருந்தன.

இதனால்தான் 1998இல் அந்நிர்வாகம் சொல்லை எண்ணிப் பொறுக்கியது. லேசருக்கு 'நிரந்தர முடிக்குறைப்பு' என்று சொல்லிக்கொள்ள மட்டுமே அனுமதி கிடைத்தது. அதாவது, சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளரும் முடிகளின் எண்ணிக்கை நெடுங்காலத்துக்குக் குறைந்திருக்கும் என்பதே பொருள். 'நிரந்தர நீக்கம்' என்ற பெயருக்கு உரியது இன்றும் ஊசி முறையே. விளம்பரப் பலகைகளில் இந்த ஒரு சொல் வேறுபாடுதான் காணாமற்போகிறது.

நம் தோலுக்கு எது?

லேசர் தேடுவது கருமையை. முடியின் கருமையா, தோலின் கருமையா என்று அதற்குத் தெரியாது. வெளிர்த் தோலில் கரிய முடி இருப்பவருக்கு அது எளிதாக வேலை செய்கிறது. நம்மைப் போன்ற மாநிற, கரிய தோலில் மேல்தோலின் மெலனினும் ஒளியை விழுங்கும். ஆகவே கொப்புளமோ நிறமாற்றமோ வரக்கூடும். அலைநீளம் கூடக் கூட மெலனின் விழுங்கும் அளவு குறையும்; ஒளியும் ஆழமாகச் செல்லும். எனவே 694 நானோமீட்டர் மாணிக்க லேசர் நமக்கு ஏற்றதன்று. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட்டும் கரிய தோலுக்கு எச்சரிக்கைக்குரியதே. 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு லேசர் சற்று மேல். கரிய தோலுக்கு 1064 நானோமீட்டர் நியோடிமியம்-யாக் லேசர் மிகப் பாதுகாப்பானது. 'எந்த லேசர்? அலைநீளம் என்ன?' என்று கேட்பது உங்கள் உரிமை.

நரைத்த முடியில் மெலனின் இல்லை. ஆகவே லேசருக்கு அது கண்ணில் படாது. மெல்லிய பூனைமுடிக்கும் பயன் மிகக் குறைவு. சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசர் பட்டபின் முடி முன்னைவிட அதிகமாக வளர்வதும் உண்டு. ஊசிக்கோ முடியின் நிறம், தோலின் நிறம் எதுவும் பொருட்டல்ல. ஆனால் அதன் வெற்றி ஊசி பிடிக்கும் கையைப் பொறுத்தது; பழகாத கையால் தழும்பும் கரும்புள்ளியும் நேரும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஊசி முறையை நாடக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், கால், முதுகு போன்ற அகன்ற பரப்பில் அடர்ந்த கரிய முடிக்குத் தக்க அலைநீள லேசர். தாடையில் எண்ணிவிடக்கூடிய சில முடிகளுக்கும் நரைமுடிக்கும் ஊசி. லேசரால் பெரும்பகுதியைக் குறைத்து, எஞ்சியதை ஊசியால் முடிப்போரும் உண்டு. எதுவானாலும் முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். லேசரின்போது கண்காப்புக் கட்டாயம்.

அந்த மாணவிக்கு நான் இவற்றோடு இன்னொன்றும் சொன்னேன். இளம்பெண்ணின் முகத்தில் திடீரெனத் தடித்த முடி வளர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டி போன்ற சுரப்புநீர்க் கோளாறு பின்னணியில் இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால், ஒரு மயிர்க்காலை அழிக்கும்போதே பக்கத்து மயிர்க்கால் தடிக்கத் தொடங்கும். ஆகவே முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்; அழகு நிலையத்திடம் அன்று. முடி இருப்பது குற்றமும் அன்று. நீக்குவதும் நீக்காமல் விடுவதும் அவளவள் விருப்பம்.

அவள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அந்த 12 மைக்ரோகிராம் கணக்கை இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள், மேடம்" என்றாள். கரும்பலகையை மீண்டும் துடைத்தேன்.