மெழுகு உருகிய இடத்தில் அலுமினியம்

விமானத் தொழிலுக்குப் பல் வைத்தியர்கள் வழிகாட்டினார்கள் என்றால் நம்புவது சிரமமாகவே இருக்கும். ஆனால், இன்று விமானங்களிலும் மருத்துவக் கருவிகளிலும் பொருத்தப்படும் நுண்ணிய அலுமினிய வார்ப்புகளின் வரலாறு அவ்வாறுதான் அமைந்துள்ளது. அந்த வரலாற்றின் வேர் எமது கோயில்களிலும் உண்டு என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

1907 ஜனவரியில் சிக்காகோவைச் சேர்ந்த பல் வைத்தியர் வில்லியம் டாகார்ட், நியூயோர்க்கில் தம் சக வைத்தியர்களுக்கு ஒரு முறையை விளக்கினார். பற்குழியின் அளவுக்கு மெழுகில் உருச் செய்து, அதனைச் சுற்றிச் சாந்தை இறுகவிட்டு, சூடேற்றி மெழுகை நீக்கி, அந்த வெற்றிடத்தினுள் உருகிய பொன்னை அழுத்திச் செலுத்துவதே அம்முறை. அதற்குக் காப்புரிமை பெற்ற அவர், பிற வைத்தியர்களோடு வழக்காடவும் செய்தார். அயோவா மாநிலத்து வைத்தியர் ஃபில்புரூக் 1897இலேயே இதனை விவரித்திருந்தமை தெரியவந்ததும் அவ்வுரிமை நிலைக்கவில்லை.

அதே 1907இல், தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் பொலனறுவையில் நடத்திய அகழ்வில் சிவன் கோயில் ஒன்றிலிருந்து வெண்கலப் படிமங்கள் வெளிவந்தன. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள அப்படிமங்களும் மெழுகு உருகிய இடத்தில் உலோகம் புகுந்து உருவானவையே. அவற்றை வார்த்தவர்கள் காப்புரிமை கேட்கவில்லை. அவர்களின் பெயர்களும் எமக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் எம் முன்னோரே கண்டுபிடித்தனர் என்று உரிமை கோருவது என் நோக்கமன்று. மொகஞ்சதாரோவின் நாட்டியப் பெண்ணும் ஆபிரிக்காவின் பெனின் சிற்பங்களும் இம்முறையிற் பிறந்தவைதாம். எனினும், இது வெறும் கைப்பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற நூல், மெழுகுருவை நிறுத்து, அதன் எடைக்கு வெள்ளியாயின் 12 மடங்கும் பொன்னாயின் 16 மடங்கும் உலோகம் எடுக்குமாறு விதிக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 ஆகையால், அதே கணக்கில் ஏறத்தாழ மும்மடங்கே போதுமானது.

அலுமினியமோ இக்கதையில் பிந்தி வந்த விருந்தாளி. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 3 கிலோவுக்கும் குறைந்த அலுமினியக் கூம்பு வைக்கப்பட்டபோது, அது வெள்ளியோடு ஒப்பிடத்தக்க விலையுடைய உலோகமாக இருந்தது. 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின்னரே அதன் விலை சரிந்தது.

இரண்டையும் தொழிற்சாலையில் சந்திக்க வைத்தது போர் எனலாம். செயற்கைப் பற்களுக்கென 1930களில் உருவான 'வைட்டாலியம்' என்ற கோபால்ட் கலப்புலோகம், இரண்டாம் உலகப் போரின்போது போர் விமான எஞ்சின்களின் மிகையூட்டிச் சுழலிகளுக்குத் தேவைப்பட்டது. கடைந்தெடுக்க முடியாத அளவுக்குக் கடினமான அவ்வுலோகத்தைப் பல் வைத்தியக் கூடத்தின் மெழுகு முறையே வடிவமாக்கியது. போர் முடிந்தபின், அதே முறையில் அலுமினிய உறுப்புகளும் பெருமளவில் வார்க்கப்படலாயின.

இன்றைய ஆலையில் மெழுகுருக்களை ஒரு தண்டில் கிளைகளாக ஒட்டி, பீங்கான் குழம்பில் தோய்த்து, மணல் தூவி, உலர்த்தி, மீண்டும் மீண்டும் அடுக்கேற்றுகிறார்கள். பின்னர் நீராவியின் அழுத்தத்தில் மெழுகை உருக்கி வெளியேற்றி, ஓட்டைச் சுட்டு, ஏறத்தாழ 700 பாகையில் அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதி காவிரியின் வண்டல் மண்ணைப் பூசும் இடத்தில் இங்கே பீங்கான். தச்சூளை இருந்த இடத்தில் அளவுமானிகள். வேறுபாடு அவ்வளவே.

ஓர் எதிரி மட்டும் புதிது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனை உள்வாங்கி, இறுகும்போது குமிழிகளாக விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அத்துளைகள் உறுப்பைப் பலவீனமாக்கிவிடும் என்பதால், ஆர்கன் அல்லது நைதரசன் வாயுவைச் செலுத்தி ஐதரசனை அகற்றுகிறார்கள். வார்த்தவற்றை ஊடுகதிரால் சோதிக்கிறார்கள்.

எமது பாடசாலைகளில் படிமம் சமயப் பாடத்திலும் வார்ப்பு பொறியியற் பாடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. நடராசரின் திருவாசியைச் சுற்றிய சுடர்கள் வரை உலோகம் குளிர்ந்துவிடாமல் சென்றது எப்படி என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர் ஒருவர் போதும், அவ்விரு பாடங்களும் ஒன்றாகிவிடும். கோயில் முற்றத்தில் உலை மூட்டியவனைப் பக்தன் என்று மட்டுமே நினைத்துவிட்டோம். அவன் எங்கள் முதற் பொறியியலாளன்.