மறைமாவட்டக் குருக்களின் உருவாக்கம்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஆயரின் பொறுப்பில் விடப்பட்டுள்ள இறைமக்கள் சமூகமும் அது வாழும் நிலப்பரப்பும் மறைமாவட்டம் எனப்படும். அந்த மறைமாவட்டத்துக்கென்றே திருநிலைப்படுத்தப்பட்டு, பெரும்பாலும் அதன் பங்குகளிலேயே வாழ்நாள் முழுவதும் பணிபுரிபவர் மறைமாவட்டக் குரு. இயேசு சபை, சலேசிய சபை போன்ற துறவற சபைகளைச் சேர்ந்த குருக்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை அளித்துச் சபை இல்லங்களில் கூடி வாழ்கின்றனர். மறைமாவட்டக் குருவோ ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவராயின் மணத்துறவை ஏற்று, தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். இவர் பயிலும் இடம் குருமடம். பயிலும் காலத்தில் இவர் குருமாணவர். குருமடத்தில் மணியோசைக்கு எழுந்து பலரோடு சேர்ந்து செபித்து, உண்டு, படித்தவர், குருப்பட்டத்துக்குப் பின் பல ஆண்டுகளைப் பங்கு இல்லத்தில் தனியாகவே கழிக்க வேண்டியிருக்கும். ஆகவே, பிறர் கண்ணில் படாத இடத்திலும் நிலைத்து நிற்கக்கூடிய செபப் பழக்கத்தையும் மன முதிர்ச்சியையும் ஊன்றுவதே இப்பயிற்சியின் கடினமான பணி எனலாம்.

குருமடம் என்பதற்கான இலத்தீன் சொல் ‘செமினாரியும்’. நாற்றங்கால் என்பதே அதன் நேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குருக்களை உருவாக்கப் பொதுவான முறை எதுவும் இருக்கவில்லை. சிலர் பல்கலைக்கழகங்களிலும் சிலர் பேராலயப் பள்ளிகளிலும் கற்றனர். ஊர்க் குரு ஒருவரிடம் எடுபிடியாக இருந்து வழிபாட்டை மட்டும் கற்றுக்கொண்டவர்களும் பலர். இக்குறையைக் களைய, திரெந்து பொதுச்சங்கம் 1563 ஜூலை 15 அன்று கூடிய தன் 23ஆம் அமர்வில், ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒரு குருமடத்தை நிறுவ வேண்டுமென்று ஆணையிட்டது. பன்னிரண்டு வயது நிரம்பி, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர்களைச் சேர்க்கலாம் என்றும், ஏழைகளின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், வசதி படைத்தோர் தம் செலவைத் தாமே ஏற்றால் அவர்களையும் சேர்க்கலாம் என்றும் அவ்வாணை கூறிற்று. ஆயரின் வருவாயிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக் குருமடத்தின் செலவை ஈடுகட்டச் சொன்னதில்தான் சங்கத்தின் உறுதி தெரிகிறது. மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ அடுத்த ஆண்டே தம் குருமடத்தைத் தொடங்கினார். பிரான்சில் ழான்-ழாக் ஒலியே 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய சுல்பீசியக் குருக்களின் குழு, குருமடப் பயிற்சியையே தன் தனிப்பணியாகக் கொண்டது.

தமிழகத்தில் இம்முறை வேரூன்றிய வரலாறு, உள்நாட்டுக் குருக்களை நம்பலாமா என்ற நீண்ட விவாதத்தோடு பிணைந்தது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின் புதுச்சேரி மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்ற பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்தார், 1778இல் அங்கு ஒரு குருமடத்தைத் தொடங்கினர். அதுவே 1934இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு இன்று தூய பேதுரு பாப்பிறை குருமடமாக விளங்குகிறது. ஆயர் கிளமென்ட் பொன்னாந்து 1844இல் கூட்டிய புதுச்சேரி மாமன்றம் உள்நாட்டுக் குருக்களின் உருவாக்கத்தையே முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டது. அதன் முடிவுகளை உரோமைக்கு எடுத்துச் சென்ற லுக்கே என்னும் குருவின் முயற்சியும் துணைநிற்க, மறைப்பணித் தளங்களை மேற்பார்க்கும் உரோமைத் துறையான மறைபரப்புப் பேராயம் 1845இல் உள்நாட்டுக் குருக்களை வளர்க்கும்படி எல்லா மறைத்தளங்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக 1893இல் கண்டிக்கு அருகே நிறுவிய பாப்பிறை குருமடம் 1955இல் புனே நகருக்கு இடம்பெயர்ந்தது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் அதன் ஆயரானபோது, ஒரு தமிழரின் தலைமையில் உள்நாட்டுக் குருக்களிடமே ஒரு மறைமாவட்டம் ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பிய மறைப்பணியாளர் பலரின் தயக்கம் இவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தபோதும், சாதி என்னும் தடை அவ்வளவு விரைவில் தளரவில்லை என்பதை வரலாறு எழுதுவோர் மறைக்கலாகாது. திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டுள்ளது.

இன்றைய பயிற்சிக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணையும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும், இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வழங்கிய திருத்தூது ஊக்கவுரையும் அடித்தளங்களாகும். மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என நான்கு பரிமாணங்களை எடுத்துரைக்கும் அந்த ஊக்கவுரை, மனிதப் பண்பின் உருவாக்கத்தையே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைக்கிறது. 2016 டிசம்பர் 8 அன்று வெளியான உலகளாவிய வழிகாட்டி, ஓராண்டுக்குக் குறையாமலும் ஈராண்டுக்கு மிகாமலும் அமையும் முன்தயாரிப்புக் காலம், மெய்யியல் கற்கும் சீடத்துவக் காலம், இறையியல் கற்றுக் கிறிஸ்துவின் சாயலை ஏற்கும் காலம், பங்கில் தங்கிப் பணியாற்றும் மேய்ப்புப்பணிக் காலம் எனப் பயிற்சியை நான்கு கட்டங்களாக வகுக்கிறது. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு முழு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவற்றோடு பல மறைமாவட்டங்கள் களப்பணி ஆண்டு ஒன்றையும், முன்னதாகக் கல்லூரிப் பட்டத்தையும் சேர்த்துக்கொள்வதால், பள்ளிப் படிப்பை முடித்து நுழையும் இளைஞர் குருவாகப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தமிழகத்தில் பூவிருந்தவல்லி திரு இருதய குருமடம், திருச்சி தூய பவுல் குருமடம் முதலியவை இப்பயிற்சியை அளிக்கின்றன.

குருமடத்தின் அன்றாட வாழ்வு வழிபாட்டைச் சுற்றியே சுழல்கிறது. தனித்தியானம், காலைப் புகழ், திருப்பலி ஆகியவற்றுக்குப் பின் வகுப்புகள்; மாலையில் விளையாட்டோ தோட்ட வேலையோ, பிறகு செபமாலை, மாலைப் புகழ், படிப்பு; ஆண்டுதோறும் சில நாள்கள் மௌனம் காக்கும் தியானம். வார இறுதிகளில் குருமாணவர்கள் பங்குகளுக்குச் சென்று சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறார்கள், நோயாளிகளைச் சந்திக்கிறார்கள், ஒருவர் இறந்த வீட்டில் என்ன சொல்வது, எப்போது பேசாதிருப்பது என்பதை மூத்த குருவின் அருகில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். இதை எந்தப் பாடநூலாலும் கற்பித்துவிட முடியாது.

உருவாக்கத்தின் நெஞ்சமாகக் கருதத்தக்கது தேர்ந்து தெளிதல், அதாவது இந்த அழைத்தல் உண்மையானதா என்று குருமாணவரும் திருச்சபையும் சேர்ந்து ஆராய்வது. இதற்காகச் சட்டம் பொறுப்புகளைக் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. குருமட அதிபரும் பயிற்றுநர்களும் வெளிப்படத் தெரியும் நடத்தை, படிப்பு, பழகும் முறை ஆகியவற்றைக் கண்டு ஆயருக்கு அறிக்கை தருவர். ஆன்ம வழிகாட்டி குருமாணவரின் மனச்சான்றுக்கு உரியவர். அவரிடமோ ஒப்புரவுக் குருவிடமோ, ஒருவரைத் திருநிலைப்படுத்தலாமா, வெளியேற்றலாமா என்று கருத்துக் கேட்பதைச் சட்டத்தொகுப்பின் 240ஆம் விதி தடுக்கிறது. இத்தடை இல்லையெனில், தன் ஐயங்களையும் சோதனைகளையும் எந்த இளைஞரும் வாய்திறந்து சொல்லமாட்டார். உளவியலாளரின் மதிப்பீடு வேண்டியிருந்தாலும், குருமாணவர் விவரம் அறிந்து தம் விருப்பத்துடன் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே அது நடைபெற வேண்டும். சிறார் பாதுகாப்பு பற்றிய பாடங்களையும் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி கட்டாயமாக்கியுள்ளது. பிற இடங்களில் திருச்சபை இழைத்த தவறுகளின் விலையைச் சிறார்களே செலுத்தினார்கள் என்பதால், இப்பாடத்தைச் சடங்குக்கு நடத்துவது பெருங்குற்றமாகும்.

குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தைப் பெறுமுன் குருமாணவர் வாசகர், பீடத்துணைவர் என்னும் இரு பணிகளை ஏற்றுச் சிறிது காலம் ஆற்றியிருக்க வேண்டும். பிறகு, தாம் மனமுவந்து, எவர் வற்புறுத்தலுமின்றி இப்பட்டத்தைப் பெற விரும்புவதாகவும் வாழ்நாள் முழுவதும் திருப்பணிக்குத் தம்மைக் கையளிப்பதாகவும் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட மடலை ஆயருக்குக் கொடுக்கிறார். வீட்டில் ஒரு பிள்ளை குருவாக வேண்டுமென்று நேர்ந்துகொள்ளும் பெற்றோர் மிகுந்த நம் ஊர்களில் இம்மடலுக்குத் தனி மதிப்பு உண்டு. நடுவழியில் வெளியேறுபவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் இந்தச் சுதந்திரத்தைக் குலைக்கிறது என்பதால், அது கைவிடப்பட வேண்டிய வழக்கம். திருத்தொண்டராகும்போதே அவர் சட்டப்படி தம் மறைமாவட்டத்தில் இணைக்கப்பெறுகிறார். குறைந்தது ஆறு மாதங்கள் கழித்து, இருபத்தைந்து வயது நிறைந்தவராக, குருப்பட்டம் பெறுகிறார்.

அத்திருச்சடங்கில் அவர் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். அவர் தகுதியுள்ளவர்தானா என்று ஆயர் வெளிப்படையாகக் கேட்கிறார். பின்பு, மக்கள் புனிதர்களின் மன்றாட்டுமாலையைப் பாடுகையில் அவர் பீடத்தின்முன் முகம் தரையில் படக் கிடக்கிறார். ஆயர் மௌனமாகத் தலைமேல் கைகளை வைத்து, அருள்பொழிவு மன்றாட்டைச் சொல்லி, அவருடைய உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசி, அப்பத்தையும் இரசத்தையும் ஒப்படைக்கிறார். அதன்பின் வழங்கப்படும் முதல் நியமனம் பொதுவாக மூத்த பங்குத்தந்தை ஒருவரின் கீழ் உதவிப் பங்குத்தந்தையாக இருப்பதே.