மதுரைக்கு வரத் துடிச்ச பசங்களும் ஒரு ஜெப சபையும்

எங்க எறையூர்னா வெளியூர்க்காரங்களுக்கு சர்க்கரை ஆலைதான் ஞாபகம் வரும். பக்கத்து அரியலூர் மாவட்டத்துல, கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சி இருக்கு. வீரமாமுனிவர் கட்டின அடைக்கல மாதா கோயில் அங்கேதான். அவர் வேலை செய்தது இயேசு சபையின் மதுரை மிஷனில். பேருதான் மதுரை, எல்லை நம்ம பக்கம் வரைக்கும் நீண்டிருந்தது.

1773-ல் போப் இயேசு சபையையே கலைத்துவிட்டார். 1814-ல் அதற்கு மறுபடி உயிர் வந்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். காலரா, காய்ச்சல்னு அவர்களில் பலர் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்படியும் பிரான்சில் வால்ஸ் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் துறவிகளுக்கு இங்கே வரணும்னு ஒரே துடிப்பு. கையில் புத்தகம், மனசு மதுரையில். படிப்பு ஓடவில்லை.

1844 டிசம்பர் 3, சவேரியார் திருநாள். அவர்களுடைய ஆன்ம குரு கோத்ரெலே ஒரு வழி சொன்னார். மிஷனுக்குக் கப்பல் ஏறும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய படிப்பு, வேலை, கஷ்டம் எல்லாவற்றையும் விடிஞ்சதும் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்க, அதுவும் அப்போஸ்தல வேலைதான் என்றார். ஜெப அப்போஸ்தலர் சபை பிறந்தது இப்படித்தான். சுற்றுவட்டாரக் குடியானவங்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1861-ல் ராமியேர் என்ற குரு 'திரு இருதய தூதன்' பத்திரிகையை பிரெஞ்சில் தொடங்கினார். சபை நாடு நாடாகப் பரவியது. பிள்ளைகளுக்கான நற்கருணை வீரர் சபையும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

பிற்பாடு பல இடங்களில் இது வயசானவங்க சபையாகச் சுருங்கிப்போனது. 2010-க்குப் பிறகு ரோமில் இதைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். இப்போது பெயர், திருத்தந்தையின் உலகளாவிய ஜெப வலையமைப்பு. 2016 முதல் போப்பின் மாதாந்திர ஜெபக் கருத்து வீடியோவாக வருது. செல்போன் செயலியும் உண்டு.

செயலி வரட்டும், நல்லதுதான். ஆனா சபையோட வேர் அந்தக் காலை ஒப்புக்கொடுத்தலில் இருக்கு. அது விட்டுப்போனால் வீடியோ மட்டும்தான் மிஞ்சும். கரும்பு வெட்டுற ஆளுக்கு நாள் முழுக்க ஜெபமாலை பிடிக்கக் கை ஒழியாது. வெட்டுற கரும்பையே ஜெபமாக்கலாம்னு சொன்ன சபை இது. நம்ம மண்ணை நினைத்து ஏங்கின பசங்களுக்குச் சொன்ன வழி, இந்த மண்ணில் பாடுபடுறவங்களுக்கும் அப்படியே பொருந்துது.