கப்பம் கட்டிய இராணி



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தால், சிராங்கூன் சாலையில் பூவும் மளிகையும் வாங்காமல் நாம் திரும்புவதில்லை. இந்நகரின் பழைய சாலைகள் பலவற்றை அமைத்தவர்கள், 1825 முதல் 1873 வரை இங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். தமிழ்நாட்டிலோ, சாலை போட்ட ஓர் அரசியின் பெயரை மக்கள் மறக்கவில்லை. இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்றே சொல்கிறார்கள்.

இராணி மங்கம்மாள், மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. 1682-இல் கணவர் மறைந்தார். மகன் முத்துவீரப்பர் பட்டத்துக்கு வந்தார். 1689-இல் அவரையும் அம்மை நோய் கொண்டுபோயிற்று. பிள்ளை பெற்ற சில நாளில் மருமகளும் கண் மூடினார். கையில் பச்சைக் குழந்தை, சுற்றிலும் பகை. பேரன் பெயரால் மங்கம்மாள் ஆட்சியை ஏற்றார்.

அப்போது மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் வென்றிருந்தார். அடுத்து அவருடைய படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டது. முத்துவீரப்பரைப் பற்றி ஒரு கதை உண்டு. பேரரசரின் செருப்பை ஊர்வலமாகக் கொண்டுவந்து வணங்கச் சொன்னார்களாம். இளையவர் அதைத் தம் காலிலேயே மாட்டிக்கொண்டாராம்! கேட்க நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தாயோ, கப்பம் அனுப்பினார்.

இது கோழைத்தனமா? பேரரசின் நிழலில் வாழ்வது கயிற்றின்மேல் நடப்பது போன்றது. எகிப்து நாட்டு அரசி கிளியோபாத்ரா ரோமாபுரியின் தயவில் ஆண்டார். ரோமாபுரித் தலைவர்களின் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து தோற்றார். கி.மு. 30-இல் அவர் இறந்ததும் எகிப்து ரோமாபுரியின் மாகாணமாயிற்று.

மங்கம்மாள் அந்தக் கயிற்றில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் நடந்தார். அவருக்கு வாளெடுக்கத் தெரியாமல் இல்லை. தமக்குச் சேர வேண்டிய கப்பத்தைத் தராத திருவாங்கூர்மீது 1697-இல் தளவாய் நரசப்பையாவைப் படையோடு அனுப்பினார். மொகலாயரோடு மட்டும் மோதவில்லை. நாடு பிழைத்தது. சாலைகள் நீண்டன, மரங்கள் நிழல் தந்தன, வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் எழுந்தன. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. அவர் வாழ்ந்த தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. தர்காவுக்கும் மானியம் கொடுத்தார். கிறித்தவப் பாதிரிமாரையும் மதித்தார்.

முடிவு துயரமானது. பேரன் வளர்ந்தபின் அரண்மனையில் பகை மூண்டது. அவரைச் சிறை வைத்து, உணவைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டார்கள் என்று மக்கள் சொல்லி வருகிறார்கள். 1706-ஆம் ஆண்டோடு அவருடைய ஆட்சி முடிந்தது.

நேயர்களே, துரைமுன் கைகட்டி நின்று, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களை நாம் தோட்டந்தோறும் கண்டிருக்கிறோம். அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொல்வோமா? தலை குனிந்ததை மட்டும் பார்த்தால் போதாது; எதைக் காப்பாற்றக் குனிந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மங்கம்மாளையும் அப்படியே நினைவில் வைப்போம்.