இந்தியப் பள்ளிகளில் தேர்தல் கல்வி

வாக்குரிமை, தேர்தல் ஆகியவற்றைப் பதின்வயதினருக்குக் கற்பிக்கும் முயற்சி சுதந்திர இந்தியாவில் முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகே தொடங்கியது. 1951–52 பொதுத்தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 17 கோடியைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் கவலை முழுவதும் பெரியவர்களைப் பற்றியதாகவே இருந்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டது. ஒத்திகைத் தேர்தல்கள் நடந்தன. வானொலியிலும் திரையரங்குகளிலும் விளக்கம் தரப்பட்டது. ஓட்டுப்போட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் பள்ளி மாணவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), ஜனநாயகக் குடிமக்களை உருவாக்குவதைப் பள்ளியின் முதன்மையான கடமைகளில் ஒன்றாக வைத்தது. வகுப்பறைக்குள் வந்தபோது அது குடிமையியல் பாடமாகச் சுருங்கிப்போனது. மக்களவைக்குப் போட்டியிட 25 வயது, மாநிலங்களவைக்கு 30 என்று மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு உத்திரமேரூர்க் குடவோலை முறையின் பெருமையும் துணைசேர்ந்தது. கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி குடவோலையில் பெயர் எழுதப்படச் சொந்த நிலமும் 35 வயதும் வேண்டும் என்பதையும், பெயரைத் தேர்ந்தது வாக்கு அல்ல, குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்தான் என்பதையும் அந்தப் பெருமிதம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

செய்து கற்கும் முறை 1966–67-இல் டெல்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியாக வந்தது. 1962-இல் பம்பாயில் கூடிய கொறடாக்கள் மாநாடு பரிந்துரைத்த திட்டம் இது. இதில் மாணவர்கள் அமைச்சராகவும் எதிர்க்கட்சியாகவும் அமர்ந்து கேள்வி நேரம் நடத்துவார்கள். அந்த இருக்கைக்கு எப்படி வந்தார்கள் என்பது மட்டும் காட்சியில் இடம்பெறாது.

61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியதும் நிலைமை மாறியது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் சில மாதங்களிலேயே வாக்காளர். ஆனால் பாடநூல்கள் மாற மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2005 தேசியக் கலைத்திட்ட வரைவைப் பின்பற்றி, சுகாஸ் பல்சிகர், யோகேந்திர யாதவ் ஆகியோரைத் தலைமை ஆலோசகர்களாகக் கொண்டு என்.சி.இ.ஆர்.டி. புதிய அரசியல் நூல்களை வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்புத் தேர்தல் பாடம் சட்டப்பிரிவில் தொடங்காமல், தேவிலால் வென்ற 1987 ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் தொடங்கியது. கட்சியும் வாக்குறுதியும் ஆட்சி மாற்றமும் பாடத்துக்குள் வந்தன. உன்னி, முன்னி என்ற கேலிச்சித்திரப் பாத்திரங்கள் பக்கத்துக்குப் பக்கம் குறுக்குக் கேள்வி கேட்டன. இத்துறையில் இந்தியா செய்த துணிச்சலான முயற்சி இதுவே.

அதற்கான விலை 2012-இல் கேட்கப்பட்டது. பதினோராம் வகுப்பு நூலில் இருந்த, அம்பேத்கரைப் பற்றிய சங்கரின் பழைய கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பை உண்டாக்கியது; ஆலோசகர்கள் இருவரும் பதவி விலகினர். அடுத்த மாதமே, பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் குறித்து ஆர்.கே. லட்சுமண் வரைந்த சித்திரத்தை நீக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே குரலில் பேசினர். இரண்டு கோபங்களுக்கும் நியாயம் இருந்தது. ஆயினும் அரசியலைப் பேசும் பாடநூல் எவ்வளவு எளிதில் சிக்கலில் மாட்டும் என்பதைப் பாடநூல் எழுதுவோர் அறிந்துகொண்டார்கள்.

இதற்கிடையே பாடநூலுக்கு வெளியே முன்கை எடுத்தது தேர்தல் ஆணையம். 2009-இல் 'ஸ்வீப்' என்னும் வாக்காளர் கல்வித் திட்டம் தொடங்கியது. ஆணையம் தோன்றிய நாளான ஜனவரி 25-ஆம் தேதி, 2011-ஆம் ஆண்டு முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2018-இல் பள்ளி, கல்லூரிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்கள் அறிமுகமாயின. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களை அவை 'எதிர்கால வாக்காளர்கள்' என்கின்றன. 2022 முதல் 17 வயது முடிந்தவர்கள் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே தரலாம். 18 வயது நிரம்பியதைக் கணக்கிடும் தகுதி நாள்களும் ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்காயின. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் பட்டியலில் இருந்த 18–19 வயதினர் சுமார் 1.8 கோடி.

பெயர் சேர்ப்பது, இயந்திரத்தில் பொத்தானை அழுத்துவது, விவிபேட் சீட்டைப் பார்ப்பது ஆகியவற்றை ஆணையத்தின் திட்டம் நன்றாகவே கற்றுத்தருகிறது. யாருக்கு, ஏன் என்ற கேள்வியை நடுநிலை கருதி அது தொடுவதில்லை. சாதியும் ஓட்டுக்குப் பணமும் வாக்காளர் தின உறுதிமொழியின் ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. மாணவர்கள் தாங்களே வேட்பாளராகி ஓட்டுக் கேட்கும் கல்லூரிப் பேரவைத் தேர்தல்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்ற லிங்டோ குழுவின் பரிந்துரை, அவற்றை அரசியல் கட்சிகளிடமிருந்து விலக்கிவைக்கச் சொன்னது. செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பிட்டு, அச்சிட்ட சுவரொட்டிகளுக்குத் தடை விதித்து, கையால் தயாரித்தவற்றை மட்டும் அனுமதித்தது.